கிராஃபைட் தாள் ஒட்டிய பிறகு விளக்கின் சூடு ஏன் கூடியது?

கப்பலூர் விளக்குப் பட்டறை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் நான்கு பேரை வைத்துக்கொண்டு எல்.இ.டி. ஃபிளட் லைட் பூட்டித் தரும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். 50 வாட் விளக்குதான் எங்களிடம் அதிகம் போகும். அதில் உள்ள சி.ஓ.பி. எல்.இ.டி.யின் (பல சிறு எல்.இ.டி. சில்லுகளை ஒரே தட்டில் பதித்தது) அடித்தட்டு 2 செ.மீ.க்கு 2 செ.மீ. அளவுள்ள சதுரம், அது 3 மி.மீ. தடித்த அலுமினிய அடிப்பாகம் கொண்ட ஹீட் சிங்க் (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகப் பகுதி) மீது திருகால் இறுக்கப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே வெப்பம் கடத்தும் வெள்ளை நிறத் தெர்மல் பேஸ்ட் தடவி வந்தோம்.

எங்கள் ஊர் வெயிலில் இரண்டு கோடையைத் தாண்டுவதற்குள் அந்தப் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புத் தூள்போல ஆகிவிடுகிறது என்பதைத் திரும்பி வந்த விளக்குகளைப் பிரித்தபோது பார்த்தேன். இதைப் பொருள் தரும் கடையில் சொன்னபோது, 25 மைக்ரான் கனமுள்ள கறுப்புக் கிராஃபைட் தாள் ஒன்றைக் கொடுத்து, இதன் வெப்பம் கடத்தும் திறன் (மீட்டர்-கெல்வினுக்கு இத்தனை வாட் என்ற கணக்கில்) 1500 என்றும், பேஸ்ட்டுக்கு வெறும் 2 தான் என்றும் கூறினார்கள். ஒரு பக்கம் பசை உள்ள தாள் அது.

ஒரே மாதிரி இரண்டு விளக்குகளைச் செய்து, ஒன்றில் பேஸ்ட்டும் மற்றதில் இந்தத் தாளும் வைத்து, பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, நான்கு மணி நேரம் எரியவிட்டேன். பட்டறைக்குள் அப்போது 34 டிகிரி. சி.ஓ.பி.யின் அடித்தட்டு ஓரத்தில் தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) வைத்து அளந்ததில், பேஸ்ட் வைத்த விளக்கு 71 டிகிரியில் நின்றது. தாள் வைத்தது 82 டிகிரிக்குப் போய்விட்டது. அலுமினியமே 200 என்கிறார்கள். 1500 உள்ள பொருளை நடுவே வைத்தால் சூடு குறைய வேண்டும் அல்லவா? எனக்குக் கிடைத்தது போலித் தாளா, அல்லது நான் ஒட்டியதில் தவறா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், திருநகர்

தம்பி, பேஸ்ட்டையும் தாளையும் ஒரே நிலையில் பக்கத்தில் வைத்து அளந்திருக்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கேள்விக்கு விடை சொல்லவே முடிகிறது. உங்களுக்குக் கிடைத்த தாள் போலியாக இருக்க வேண்டியதில்லை. 1500 என்ற எண் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த எண் தாளின் பரப்பு நெடுகிலும் வெப்பம் ஓடும்போது மட்டுமே பொருந்தும். நீங்கள் வெப்பத்தைத் தாளின் குறுக்கே, ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்கு, போகச் சொல்லியிருக்கிறீர்கள்.

கிராஃபைட்டில் கரி அணுக்கள் அறுகோண வலையாகப் பின்னிய ஏடுகளாக இருக்கின்றன. ஒரே ஏட்டுக்குள் பக்கத்து அணுக்களுக்கு இடையே உள்ள தொலைவு 0.142 நானோமீட்டர்; ஓர் ஏட்டுக்கும் அடுத்த ஏட்டுக்கும் இடையே 0.335 நானோமீட்டர். ஏட்டுக்குள் இருக்கும் பிணைப்பு மிக வலுவானது. ஏடுகளுக்கு இடையே இருப்பதோ வலுக்குறைந்த வான்டெர் வால்ஸ் ஈர்ப்பு மட்டுமே. சோழவந்தான் வெற்றிலைக் கவுளி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓர் இலைக்குள் நரம்புகள் காம்பிலிருந்து நுனிவரை தொடர்ந்து ஓடுகின்றன; இலைக்கும் இலைக்கும் நடுவே தொடுதல் மட்டுமே உண்டு, தொடர்பு இல்லை. பென்சில் காகிதத்தில் எழுதுவதும் இந்த ஏடுகள் வழுக்கிக் கழன்று வருவதால்தான்.

செம்பிலும் அலுமினியத்திலும் வெப்பத்தைப் பெரும்பாலும் எலக்ட்ரான்கள் சுமக்கின்றன. கிராஃபைட்டில் அந்த வேலையை அணுக்களின் அதிர்வே செய்கிறது. அணு இலேசானது, பிணைப்பு விறைப்பானது. ஆகவே ஏட்டின் நெடுகில் அதிர்வு மிக வேகமாகவும் நெடுந்தொலைவு சிதறாமலும் பரவுகிறது. நன்கு ஒழுங்குபட்ட கிராஃபைட்டில் அறை வெப்பநிலையில் ஏட்டு நெடுகிலான கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 2000 வாட்டை நெருங்கும். இது செம்பைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு, கிட்டத்தட்ட வைரத்துக்கு இணை. அதே கட்டியில் ஏடுகளைக் குறுக்கே கடக்கும் திசையில் அந்த எண் 10-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. மரத்திலும் இழை நெடுகிலும் குறுக்கிலும் வேறுபாடு உண்டு, ஆனால் அங்கே இரண்டு மடங்கு அளவில்தான். இங்கே இருநூறு, முந்நூறு மடங்கு.

இந்தத் திசை வேறுபாட்டை ஆராய்ந்தவர்களில் நம் பக்கத்துக்காரர் ஒருவர் இருக்கிறார் என்பதை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. 1898-இல் வத்திராயிருப்பில் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்து, பிற்காலத்தில் டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரான கே.எஸ்.கிருஷ்ணன், 1930-களில் கல்கத்தாவில் கங்குலி என்ற ஆய்வாளருடன் சேர்ந்து கிராஃபைட் படிகத்தின் காந்தப் பண்பும் மின்கடத்துதிறனும் திசைக்குத் திசை எவ்வளவு மாறுகின்றன என்பதை அளந்தார். ராமன் விளைவோடு மட்டும் அவர் பெயரை நினைவுகொள்கிறோம். இதற்காகவும் நினைவுகொள்ள வேண்டும்.

இனி உங்கள் விளக்குக்கு வருவோம். 50 வாட்டில் ஏறத்தாழ 32 வாட் வெப்பமாக வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால், 4 சதுர செ.மீ. அடித்தட்டின் வழியே சதுர செ.மீ.க்கு 8 வாட் கீழே இறங்குகிறது. தாளின் குறுக்குத் திசைக் கடத்துதிறனைத் தாராளமாக 15 என்றே கொள்வோம். 25 மைக்ரான் கனத்தைக் கடக்க வெப்பநிலை 0.13 டிகிரிதான் வேறுபட வேண்டும். அப்படியானால் கிராஃபைட் குற்றவாளி அல்ல என்று ஆகிறது. நீங்கள் பார்க்க வேண்டியது அதன் மேலும் கீழும் ஒட்டியிருப்பவற்றை.

இத்தகைய தாள்களின் ஒரு பக்கத்தில் அக்ரிலிக் பசையும் மறுபக்கத்தில் மின்காப்புக்காக மெல்லிய பாலியெஸ்டர் படலமும் ஒட்டியே விற்கிறார்கள். இரண்டும் பிளாஸ்டிக் வகை. இரண்டின் கடத்துதிறனும் 0.2 அளவில்தான் இருக்கும். பசை 10 மைக்ரான், படலம் 10 மைக்ரான் என்றால், ஒவ்வொன்றையும் கடக்க 4 டிகிரி. ஆக 8 டிகிரி. நீங்கள் எடுத்துவிட்ட பேஸ்ட், 50 மைக்ரான் கனமாக இருந்திருந்தாலும், 2 டிகிரிதான் பிடித்திருக்கும். இதோடு இன்னொன்று: பேஸ்ட் பள்ளங்களில் இறங்கி நிரப்பும். படலம் நிரப்பாது, அலுமினியத்தின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்கு நடுவே காற்று தங்கிவிடும், காற்றின் கடத்துதிறன் 0.026. பசை, படலம் இரண்டுக்கும் 8 டிகிரி, பேஸ்ட் போனதற்குக் கழிவு 2 டிகிரி, மீதி 5 டிகிரி இந்தக் காற்று இடைவெளிக்கு என்று கணக்கிட்டால், நீங்கள் அளந்த 11 டிகிரி சரியாக வந்துவிடுகிறது. படலத்தின் கனத்தை நான் ஊகித்துத்தான் சொன்னேன்; ஆனாலும் கணக்கின் போக்கு மாறாது.

தாளைச் சோதிக்க விரும்பினால் வீட்டிலேயே செய்யலாம். அந்தத் தாளிலும் சமையலறை அலுமினியத் தாளிலும் ஒரு விரல் அகலத் துண்டு வெட்டி, இரண்டின் நுனியையும் வெந்நீரில் நனைத்து, நீர்மட்டத்திலிருந்து 4 செ.மீ. உயரத்தில் தொட்டுப் பாருங்கள். உண்மையான கிராஃபைட் தாள் அங்கேயும் சுடும். அலுமினியத் தாள் அந்த உயரத்தை எட்டுவதற்குள் வெப்பத்தைக் காற்றில் இழந்திருக்கும்.

டவுன்ஹால் ரோடு செல்பேசிப் பழுதுநீக்குநர்

ஆசிரியர் ஐயா எழுதியதைப் படித்தபோது, என் மேசையில் பல நாள் புரியாமல் இருந்த ஒன்று புரிந்தது. செல்பேசியின் பின்மூடிக்கு உள்ளேயும், திரைக்குப் பின்புறமும் இதே கறுப்புத் தாளை ஒட்டி அனுப்புகிறார்கள். திரை மாற்றும்போது அது கிழிந்து வருவதும், கிழிந்ததை வேலையாட்கள் குப்பையில் போட்டுவிட்டு மூடிவிடுவதும் வழக்கமாக இருந்தது. பத்து நாளில் அதே வாடிக்கையாளர் வந்து, கேமராவுக்குக் கீழே ஓரிடம் மட்டும் கையில் வைக்க முடியாதபடி சுடுகிறது, வீடியோ எடுத்தால் தானாகவே நின்றுவிடுகிறது என்பார். அந்தத் தாளை வெறும் கறுப்பு ஸ்டிக்கர் என்று நாங்கள் நினைத்திருந்ததே காரணம்.

இப்போது தாளைச் சூடான காற்றால் இளக்கி முழுதாக எடுத்து வைத்து, திரும்ப ஒட்டித்தான் கொடுக்கிறோம். ஒரே ஒரு எச்சரிக்கை: கிராஃபைட் மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும். ஆன்டெனா இருக்கும் ஓரத்தையோ வயர்லெஸ் சார்ஜிங் சுருளையோ மூடும்படி புதிய தாளை ஒட்டினால் சிக்னலும் சார்ஜும் கெட்டுப்போகும். பழைய தாளில் எங்கெங்கே வெட்டு விட்டிருந்தார்களோ அங்கெல்லாம் புதியதிலும் விட வேண்டும்.

ஆனால் ஐயாவிடம் ஒரு சந்தேகம். செல்பேசியில் இவ்வளவு வேலை செய்யும் தாள், விளக்கின் ஹீட் சிங்க் மீது வெப்பத்தைப் பரப்பவாவது உதவாதா?

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், திருநகர்

நல்ல கேள்வி. பரப்பும் வேலைக்குக் கடத்துதிறனை மட்டும் பார்த்தால் போதாது. அதைக் கனத்தால் பெருக்கிப் பார்க்க வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதோடு, வாய்க்கால் எவ்வளவு ஆழம் என்பதையும் பார்த்தால்தானே வயலுக்கு எவ்வளவு நீர் வரும் என்று சொல்ல முடியும்? 1500 வாட் திறனுள்ள தாள் 25 மைக்ரான் கனத்தில் கெல்வினுக்கு 0.0375 வாட் தருகிறது. கப்பலூர்த் தம்பியின் 3 மி.மீ. அலுமினியம், 200 வாட் திறனோடு, 0.6 வாட் தருகிறது. பதினாறு மடங்கு ஆழமான வாய்க்கால் அங்கே ஏற்கெனவே ஓடுகிறது. அதன் மேல் இந்தத் தாளை ஒட்டினால் நூற்றுக்கு ஆறு பங்குதான் கூடும். அதற்காகச் செலவு செய்ய வேண்டாம்.

செல்பேசியில் நிலைமை தலைகீழ். பின்மூடி கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ. கடத்துதிறன் 1-ஐ எட்டினாலே அதிகம். ஒரு மி.மீ. கனத்துக்கு 0.001 வாட் வருகிறது. அதன் மேல் 0.0375 வாட் வந்து சேர்ந்தால், ஒரே புள்ளியில் தேங்கிய சூடு முதுகு முழுவதும் விரிந்துவிடும். அதே வேலையைச் செம்புத் தகட்டால் செய்ய வேண்டுமானால் 94 மைக்ரான் கனம் தேவை; எடையோ கிராஃபைட் தாளைப் போல ஏறக்குறைய பதினேழு மடங்கு ஆகும். கிராமுக்குக் கிராம் எண்ணிச் செய்யும் செல்பேசியில் இந்தத் தாள் இடம்பிடித்தது இதனால்தான்.

கடைக்காரர்கள் சொல்லும் எண்களைப் பற்றி ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். இந்தச் செயற்கைத் தாளைப் பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக் படலத்தைக் காற்றில்லாமல் கரியாக்கி, பிறகு 2800 டிகிரிக்கு மேல் சுட்டு, ஏடுகளை ஒழுங்குபடுத்திச் செய்கிறார்கள். படலம் மெல்லியதாக இருந்தால்தான் ஏடுகள் ஒரே வாக்கில் படியும். ஆகவே 25 மைக்ரான் தாள் 1600 வரை தரும்போது, 100 மைக்ரான் தாள் 700 அளவில்தான் நிற்கிறது. ஆனால் கனத்தால் பெருக்கிப் பாருங்கள்: முதலாவது 0.04, இரண்டாவது 0.07. எண் சிறியதாக உள்ள தாளே அதிக வெப்பத்தைச் சுமக்கிறது. கிராஃபீனுக்கு 5000 என்று விளம்பரம் செய்வதையும் இப்படியே பெருக்கிப் பார்க்க வேண்டும். 2008-இல் அளந்து வெளியிடப்பட்ட அந்த எண் உண்மைதான், ஆனால் அது ஒரே ஓர் ஏட்டின் திறன், அதன் கனம் அணுவளவு.

கப்பலூர் விளக்குப் பட்டறை

ஐயா, மிக்க நன்றி. இன்று காலை வெந்நீர்ச் சோதனையைச் செய்தேன். தாள் உண்மையானதுதான், 4 செ.மீ. உயரத்தில் விரலை வைத்திருக்க முடியவில்லை, அலுமினியத் தாள் அதே இடத்தில் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. பளபளப்பான பக்கத்தில் மல்டிமீட்டர் முனைகளை வைத்தால் தொடர்பு காட்டவில்லை. பிளேடால் இலேசாகச் சுரண்டிய பிறகு காட்டியது. நீங்கள் சொன்ன பாலியெஸ்டர் படலம் இருக்கிறது என்று உறுதியாகிவிட்டது.

ஆனால் என் மூலப் பிரச்சினை அப்படியே நிற்கிறது. பேஸ்ட் காய்ந்துபோகிறது. காயாத, ஆனால் அதே அளவு வெப்பத்தைக் குறுக்கே கடத்தும் பொருள் ஏதேனும் உண்டா?

ஆலைப் பராமரிப்பாளர், சிவகங்கைச் சாலை

உண்டு, அதுவும் கிராஃபைட்தான், ஆனால் வேறு பிள்ளை. எங்கள் நூற்பாலையில் மோட்டார்களை ஓட்டும் டிரைவ் பெட்டிகளுக்குள், ஐ.ஜி.பி.டி. மாட்யூல்களின் (மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடும் மின்னணுச் சாதனங்கள்) அடியில் முன்பு பேஸ்ட்தான் இருந்தது. மோட்டார் நின்று நின்று ஓடும்போது மாட்யூல் விரிந்து சுருங்கி, பேஸ்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளிவிடும். நடுவில் வெறும் உலோகம் தெரியும். சில ஆண்டுகளாக அங்கே விரிகிராஃபைட் தாளை வெட்டி வைக்கிறோம். பசையும் கிடையாது, படலமும் கிடையாது. நீராவிக் குழாய் ஃபிளாஞ்சுகளுக்குக் கேஸ்கெட்டாகப் போடும் கறுப்புத் தாள் வகைதான் இது. மின்னணுப் பயன்பாட்டுக்கென்று தூய்மையும் கனமும் சீராக உள்ளதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இது செய்யப்படும் விதம் எனக்கு எப்போதும் வியப்பூட்டும். இயற்கையாகக் கிடைக்கும் செதில் கிராஃபைட்டைக் கந்தக அமிலத்தோடு ஆக்சிஜனேற்றும் வேதிப்பொருள் ஒன்றையும் சேர்த்து ஊறவைத்தால், அமிலம் ஏடுகளுக்கு நடுவே புகுந்து உட்கார்ந்துகொள்ளும். கழுவிக் காயவைத்து, 1000 டிகிரியை ஒட்டிய உலையில் சட்டென்று போட்டால், உள்ளே இருப்பது ஆவியாகி வெடித்து வெளியேற, செதில் பொரிபோலப் பொங்கி நூறு மடங்குக்கும் மேல் நீளும். அந்தப் பொரியை உருளைகளுக்கு இடையே அழுத்தினால், ஏடுகள் ஒன்றோடொன்று கொக்கிபோட்டு, எந்தப் பசையும் இல்லாமல் தாளாகிவிடும். பரப்பு நெடுகில் இதன் திறன் செயற்கைத் தாளைவிட மிகக் குறைவு, சில நூறு அளவில்தான். ஆனால் இது அழுந்தும். திருகை இறுக்கும்போது பள்ளத்துக்குள் தன்னைத் திணித்துக்கொள்ளும். உங்களுக்கு வேண்டியது அந்தக் குணமே.

ஆசிரியர் ஐயா காட்டிய வழியில் கணக்கிட்டுப் பார்த்தேன். 130 மைக்ரான் தாள், குறுக்குத் திறன் 5 என்றால், உங்கள் 8 வாட்டுக்கு 2 டிகிரி பிடிக்கும்; பேஸ்ட்டுக்கு ஐயா சொன்ன அளவே. தொடுபரப்பு இழப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் இதில் காய்வதற்கு எண்ணெய் இல்லை. காற்றில் 400 டிகிரி வரை கிராஃபைட்டுக்கு ஒன்றும் ஆகாது, உங்கள் விளக்கு நூறையே தொடாது.

வைக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. திருகுகளை எதிரெதிர் மூலையாக, பாதி பாதியாக இறுக்குங்கள். ஒரு மூலையை முதலிலேயே இறுக்கினால் தாள் ஆப்புபோல நசுங்கிவிடும். ஒருமுறை நசுங்கிய தாளைத் திரும்ப வைக்காதீர்கள். வெட்டிய ஓரத்தில் உதிரும் கரித்தூளைத் துடைத்துவிடுங்கள்; மின்முனைகளுக்கு நடுவே விழுந்தால் ஷார்ட் ஆகும். சி.ஓ.பி.யின் அடித்தட்டு உள்ளுக்குள்ளேயே மின்காப்புப் பெற்றதுதானா என்பதை மெகர் (மின்காப்பை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்த பிறகே இதைப் பயன்படுத்த வேண்டும். பேஸ்ட் மின்சாரத்தைத் தடுக்கும், இது தடுக்காது. இந்த ஒன்றில் அவசரம் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், விளக்கில் கை வைக்கப்போவது ஊராட்சி ஊழியர்.

என் ஊர்ப்பெருமையையும் சொல்லிவிடுகிறேன். சிவகங்கையில் தமிழ்நாடு அரசின் டாமின் நிறுவனம் தோண்டி எடுப்பது இந்தச் செதில் வகைக் கிராஃபைட்தான். பாறையில் கரியின் பங்கு குறைவு. அரைத்து, நுரைமிதப்பு முறையில் பிரித்துத்தான் செறிவாக்குகிறார்கள். மூசைகளும் (உலோகம் உருக்கும் கலங்கள்) உலைச் செங்கற்களும் செதில் கிராஃபைட்டின் பழைய பயன்கள். மதுரை தெற்காவணி மூல வீதிப் பட்டறைகளில் பொன் உருக்கும் கிராஃபைட் மூசை, நெருப்பிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாலும் விரிசல் விடாமல் இருப்பதற்கு, செதில்கள் வெப்பத்தைச் சுவர் முழுவதும் உடனே பகிர்ந்துவிடுவதும் ஒரு காரணம். நம் மண்ணின் செதில் மூசையோடு நிற்காமல் தாளாகவும் ஆக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கப்பலூர் விளக்குப் பட்டறை

அண்ணன் சொன்ன வகையில் 130 மைக்ரான் தாள் வாங்கி, மெகர் சோதனை முடித்து, மூன்று விளக்குகளில் வைத்து அளந்தேன். பட்டறைக்குள் அன்றும் 34 டிகிரி. மூன்றும் 72-க்கும் 74-க்கும் இடையே நின்றன. புதிய பேஸ்ட்டைவிட இரண்டு டிகிரி கூடுதல். காய்ந்த பேஸ்ட் உள்ள பழைய விளக்கு ஒன்றைப் பிரிக்காமல் அப்படியே அளந்தபோது 88 காட்டியது. எனக்கு இது போதும். அடுத்த தவணையிலிருந்து இதையே வைக்கப் போகிறேன். மண்டபம் பக்கத்தில் கடற்கரை ஓரமாக மாட்ட 60 விளக்குக்கு ஆர்டர் வந்திருக்கிறது, அதிலிருந்தே தொடங்கலாம் என்று இருக்கிறேன்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், திருநகர்

தம்பி, அந்த 60 விளக்கில் மட்டும் தொடங்க வேண்டாம். கிராஃபைட்டும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் அது ஒரு சிறிய மின்கலமாகிவிடும். அந்தக் கலத்தில் கரைந்துபோவது அலுமினியமே. மதுரையின் வறண்ட காற்றில், மூடிய பெட்டிக்குள், இதைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட வேண்டியதில்லை. மண்டபத்தில் காற்றே உப்பு. ரப்பர் வளையம் ஒன்று வெடித்தாலும், ஹீட் சிங்க்கின் முகம் அரித்து வெள்ளையாகப் பொங்கி, தாளைத் தூக்கிவிடும்.

கடலோர விளக்குகளுக்குத் தரமான, காய்வதற்கு நெடுநாள் எடுக்கும் சிலிக்கோன் பேஸ்ட்டையே வையுங்கள். கிராஃபைட்டே வைத்தாக வேண்டுமென்றால், ஹீட் சிங்க்கின் தொடுமுகத்துக்கு அனோடைசிங் (அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் வளர்ப்பது) செய்யச் சொல்லி, பெட்டியின் மூட்டுகளை நன்றாக அடைத்து, இரண்டு விளக்குகளை மட்டும் ஒரு மழைக்காலம் அங்கே எரியவிட்டு, பிரித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கப்பலூர் விளக்குப் பட்டறை

அப்படியே செய்கிறேன், ஐயா. 58 விளக்குக்குப் பேஸ்ட், இரண்டுக்கு அனோடைசிங் செய்த முகத்தின் மேல் கிராஃபைட் தாள். அந்த இரண்டின் பின்புறத்திலும் தேதியை எழுதி அனுப்புகிறேன். தை மாதத்தில் கழற்றிக் கொண்டுவந்து, பிரித்த படத்தோடு இதே இழையில் எழுதுகிறேன்.